வடகரையிலிருந்து ஒரு குரல்: கானா இசைவாணி

வடசென்னை ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி, ஆண்களே கோலோச்சிய கானா மேடையில் பெயர் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். 2021-இல் விஜய் தொலைக்காட்சியின் 'பிக்பாஸ்' வீட்டுக்குள் நுழைந்தபோது தமிழ்நாடெங்கும் அவர் முகம் பரிச்சயமானது.

ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் தொடங்கி எண்ணூர், காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு ஏரிக்கரை வரை நீள்வது மீனவர் கரை. புயல் எச்சரிக்கை வரும்போதும், 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் நிகழ்ந்ததுபோல எண்ணெய் பரவும்போதும்தான் தொலைக்காட்சிக் கேமராக்கள் இந்தப் பக்கம் திரும்புகின்றன. அப்போதும் இங்குள்ள பெண்கள் திரையில் வருவது பாதிக்கப்பட்டவர்களாகத்தான். இந்தக் கரையின் தென்முனையில் இருந்து ஒரு பெண் கலைஞராகவே திரைக்கு வந்தார் என்பதுதான் இசைவாணியின் கதையில் முக்கியமானது.

கானா உழைக்கும் மக்களின் பாட்டு. சாவு வீட்டில் இரவெல்லாம் கண்விழித்து இருப்பவர்களுக்காக, இறந்தவரின் பெயரையும் குணத்தையும் சேர்த்து அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவது அதன் பழைய வடிவம். 'மரண கானா' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. இசையமைப்பாளர் தேவாவின் இசையில் 1990-களில் அது சினிமாவுக்குள் வந்தது. மீன்களின் கல்யாணத்தைச் சொல்லும் பாட்டால் கானா உலகநாதன் 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்தின் வழியே ஊரறியப் புகழ்பெற்றார். 'அட்டகத்தி' (2012) கானா பாலாவை முன்னுக்குக் கொண்டுவந்தது. இத்தனை பெயர்களுக்கு நடுவே பெண் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. சாவு வீட்டில் ஒப்பாரி பெண்களுடையது. கானா ஆண்களுடையது என்றே பிரிந்திருந்தது.

தந்தை இசைக் கலைஞர் என்பதால் இசைவாணி சிறுவயதிலேயே மேடையேறினார். பல ஆண்டுகள் கச்சேரிகளில் சினிமாப் பாடல்களே பாடினார். திருப்பம் 2017-இன் இறுதியில் வந்தது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவை உருவாக்கினர். அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பிறந்த பெயர் அது. கானாவும் பறையும் கிதாரும் ராப்பும் ஒன்றுசேர்ந்த அந்தக் குழுவில் ஏறத்தாழ இருபது பேர். அவர்களுள் ஒரே பெண் இசைவாணி. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் கச்சேரிக்குப் பெருங்கூட்டம் திரண்டது. சாதியையும் இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பற்றி அங்கே வெளிப்படையாகப் பாடினார்கள்.

2020 நவம்பரில் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றார். அவரைப் பார்த்து இளம்பெண்கள் பலர் கானா பாட முன்வந்திருக்கிறார்கள் என்று பிபிசி குறிப்பிட்டது. எந்த விருதையும்விட அதுவே பெரிய பேறு.

மறு ஆண்டு அக்டோபர் 3 அன்று கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய 'பிக்பாஸ்' ஐந்தாவது பருவம் 18 போட்டியாளர்களுடன் தொடங்கியது. நாட்டுப்புறப் பாடகி சின்னப்பொண்ணுவும் அதே வீட்டில் இருந்தார். இசைவாணி ஏழாவது வாரத்தில் வெளியேறினார். பாட்டைவிடச் சண்டைக்கே அதிக நேரம் ஒதுக்கும் நிகழ்ச்சி அது. அவர் கலையின் முழு வீச்சும் அங்கே வெளிப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கானா என்ற பெயரையே கேட்டிராத வீடுகளுக்கும் அந்த ஏழு வாரங்கள் அவரைக் கொண்டுசேர்த்தன.

அவர் பாடிய பாட்டு ஒன்று பின்னர் சர்ச்சையிலும் சிக்கியது. 2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலை ஐயப்பன் கோயிலில் எல்லா வயதுப் பெண்களும் நுழையலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சூழலில் பிறந்த 'ஐ ஆம் சாரி ஐயப்பா' என்ற பாட்டை இசைவாணி பாடியிருந்தார். 2024 நவம்பரில், சபரிமலைக்கு மாலை போடும் காலத்தில், அந்தப் பழைய பாட்டுக்குத் திடீரென எதிர்ப்பு கிளம்பியது. காவல் நிலையங்களில் புகார்கள் குவிந்தன. அவருக்கு ஆபாச வசைகளும் மிரட்டல்களும் வந்தன. பெண்களின் உரிமையைப் பேசும் பாட்டு, யாருடைய நம்பிக்கையையும் இழிவுபடுத்துவது அல்ல என்று நீலம் பண்பாட்டு மையம் அறிக்கை வெளியிட்டு அவருக்குத் துணை நின்றது. மிரட்டியவர்கள் மீது இசைவாணியும் காவல்துறையில் புகார் கொடுத்தார்.