ஓடுகளத்திற்கு முன் கேட்கவேண்டிய வினா

2021ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி கொப்பன்ஹேகன் நகரில் டென்மார்க்கும் பின்லாந்தும் உதைபந்தாடிக்கொண்டிருந்தன. எவரும் மோதாத நிலையில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் நிலத்திற் சாய்ந்தார். அவரது இதயம் நின்றுவிட்டது. உடனே ஓடிவந்தோர் மார்பை அழுத்தியும் மின்னதிர்ச்சி கொடுத்தும் இதயத்தை மீண்டும் இயக்கியமையால் அவர் உயிர் பிழைத்தார்.

உடல் வலிமை வேறு, உடல் நலம் வேறு என்பதை இந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்திற்று. விரைந்தோடும் மாணவன் நோயற்றவனாகவே இருப்பான் எனப் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிவிடுகின்றனர். ஆனால் இதயத் தசை அளவுமீறித் தடிக்கும் நோயொன்று உண்டு. பரம்பரையாக வரும் இந்நோய் யாதோர் அறிகுறியுங் காட்டாது பல ஆண்டுகள் மறைந்திருக்கலாம். கடும் முயற்சியின்போது இதயத்தின் மின்னோட்டம் குழம்பினால், அது குருதியைச் செலுத்தாது வெறுமனே துடிதுடிக்கும். உதவி கிட்டாவிடின் சில நிமிடங்களில் உயிர் பிரியும்.

இத்தாலி நாடு, போட்டிகளிற் பங்குபற்றும் வீரருக்கு இதய மின்பதிவு உட்பட்ட வைத்திய பரிசோதனையை 1982இல் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் வெனெற்றோப் பகுதியில், வீரரிடையே நிகழ்ந்த திடீர் இதய மரணம் ஆண்டொன்றுக்கு இலட்சத்துக்கு 3.6 என்ற வீதத்திலிருந்து 2004ஆம் ஆண்டளவில் 0.4 ஆகக் குறைந்தது. எனினும் எல்லா நாடுகளும் இம்முறையை மேற்கொள்ளவில்லை. பயிற்சியால் விரிந்த நல்ல இதயமும் மின்பதிவில் நோயுற்றதுபோலத் தோன்றக்கூடும். மெய்யான நோய் சிலவேளை அகப்படாமலும் போகும். எரிக்சனும் அக்காலத்தில் இத்தாலியக் கழகமொன்றில் ஆடிவந்தவரே.

ஆயினும் வினாக் கேட்பதற்குப் பொருட்செலவு இல்லை. ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா? நெஞ்சு நொந்ததுண்டா? ஒத்த வயதினரிலும் மிகுதியாக மூச்சு வாங்குகிறதா? குடும்பத்தில் எவரேனும் ஐம்பது வயதுக்கு முன் திடீரென இறந்தனரா? இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்ற விடை வந்தாலும், வைத்தியர் பார்க்கும்வரை அம்மாணவனைக் களத்தில் இறக்கலாகாது.

மாணவன் உண்மையை மறைக்கவுங் கூடும். இல்லத்தின் வெற்றிக்காகவும், அணியில் தன் இடம் பறிபோகுமே என்ற அச்சத்தாலும் அவன் வாய் திறவான். ஆகவே, மயக்கத்தைச் சொன்னவனைக் கோழையென்று நகையாடாத ஆசிரியரே முதற் பாதுகாப்பாவார். காய்ச்சலுடையவனை ஓடவிடாமையும் அவர் கடன்; சில காய்ச்சல்கள் இதயத் தசையையும் தாக்குவன.

வெப்பமும் ஒரு பகையே. நீண்ட ஓட்டத்துக்கு உடல் வெயிலிற் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேண்டும். ஆகவே, பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஓட்டத்தை அதிகாலையில் வைத்தல் நன்று. ஓடியவன் உடல் கொதித்துப் பிதற்றுவானாயின், அவனை நிழலிற் கிடத்தி, உடனே குளிர்நீரால் உடலைக் குளிர்வித்து, வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும்.

வீழ்ந்தவன் உணர்வின்றி, இயல்பான மூச்சுமின்றிக் கிடந்தாலோ, உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும். இதனை அறிந்த ஒருவராவது ஒவ்வொரு களத்திலும் நிற்றல் வேண்டும். வெற்றிக் கிண்ணத்தை அடுத்த ஆண்டிலும் பெறலாம். பிள்ளையின் உயிரை அவ்வாறு பெற இயலாது.