மொழி இரண்டு, உண்மை ஒன்றே!

விஞ்ஞானி என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவர் யார்? எவருக்கும் விளங்காத கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இது பாமரனுக்குப் புரியாது" என்று ஒதுங்கிக்கொள்ளும் மேதை! புரியாமல் பேசுவதே புலமை, புரியும்படி பேசினால் மதிப்புக் குறைவு என்ற எண்ணம் நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கிறது. அந்த எண்ணத்தை உடைத்தெறிந்தவர்களில் ஒருவர் ஜே. பி. எஸ். ஆல்டேன்.

இங்கிலாந்தில் பிறந்தவர். 1957ல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் பணியாற்றி, 1964ல் புவனேசுவரத்தில் மறைந்தவர். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் முன்வரிசைக்காரர்.

மான்செஸ்டர் நகரில் 1848ல் ஒரு கறுப்பு அந்துப்பூச்சி கண்ணில் பட்டது. அதுவரை அந்த இனத்தில் வெளிர்நிறப் பூச்சிகளே மிகுதி. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்தன. வெளிர்நிறப் பூச்சி பறவைக்கு இரையாயிற்று. கறுத்தது மறைந்து பிழைத்தது. அரை நூற்றாண்டுக்குள் கறுப்புப் பூச்சிகளே அங்கு எங்கும் நிறைந்தன. இந்த மாற்றத்தை 1924ல் சமன்பாடுகளில் வடித்தார் ஆல்டேன். இத்தனை விரைவில் இனம் மாற வேண்டுமானால், கறுப்புப் பூச்சி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததி விட்டிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்.

அந்தக் கட்டுரை நமக்காக எழுதப்பட்டதல்ல. சக விஞ்ஞானிகளுக்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு படியையும் அவர்கள் சோதிக்க வேண்டும்; பிழையிருந்தால் பிடிக்க வேண்டும். அங்கே சமன்பாடு ஆடம்பரமல்ல, சாட்சியம்!

அதே கை, 1937 முதல் "டெய்லி ஒர்க்கர்" என்ற கம்யூனிஸ்டு நாளேட்டில் 300க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதிற்று. படித்தவர்கள் பாட்டாளிகள். அங்கே சமன்பாடு இல்லை. தெரிந்த பொருளில் தொடங்கித் தெரியாத இடத்துக்கு அழைத்துப் போவதே அவர் வகுத்துக்கொண்ட முறை. எழுதியதை அந்தத் துறை அறியாத நண்பரிடம் காட்டிப் பார் என்பது மற்ற விஞ்ஞானிகளுக்கு அவர் சொன்ன யோசனை.

1926லேயே எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் விளக்கியது இது: ஆழமான சுரங்கத்தில் சுண்டெலி விழுந்தால் எழுந்து ஓடிவிடும். குதிரை விழுந்தால் சிதறிப்போகும். ஏன்? உடலின் நீளம் பத்து மடங்கானால் மேற்பரப்பு 100 மடங்காகும்; எடையோ 1,000 மடங்காகும். காற்று தாங்குவது பரப்பை, பூமி இழுப்பது எடையை! கணக்கு இங்கேயும் இருக்கிறது, தோழர்களே! உடையை மட்டுந்தான் மாற்றிக்கொண்டது.

எழுத்தோடு அவர் நின்றாரா? 1939 ஜூனில் "தெடிஸ்" நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டனர். கப்பல் கட்டுந்துறைத் தொழிலாளர்களும் அவர்களில் இருந்தனர். காரணம் அறியத் தொழிற்சங்கங்கள் ஆல்டேனை நாடின. அவர் மூடிய அறைக்குள் தாமே புகுந்து, கெட்ட காற்றைச் சுவாசித்துச் சோதனை நடத்தினார்.

இத்தகையவரும் ஓரிடத்தில் தயங்கினார். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 1948ல் சோவியத் நாட்டில் லைசென்கோ, அரசின் துணையோடு, மரபியல் விஞ்ஞானத்தையே பொய்யென்று ஒதுக்கினார். தாவர மேதை வாவிலோவ் அதற்கு முன்பே, 1943ல், சிறையில் மாண்டிருந்தார். மரபியலையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஆல்டேன், பொதுமக்கள் முன் அதனை முழங்கி மறுத்திருக்க வேண்டாமா? மறுக்கவில்லை, மழுப்பினார்.

பாடம் என்ன? அறிஞர் அவைக்கு ஒரு மொழி, ஆலை வாயிலுக்கு ஒரு மொழி. அது குற்றமல்ல, கடமை! ஆனால், அவைக்கு ஓர் உண்மை, ஆலைக்கு ஓர் உண்மை என்று ஆகிவிடக் கூடாது.

நாம் நாள்தோறும் சுவாசிக்கும் பஞ்சுத் தூசியைப் பற்றியும், குடிக்கும் நீரில் கலக்கும் கழிவைப் பற்றியும் நிபுணர்கள் அறிக்கை எழுதுகிறார்கள். "உங்களுக்குப் புரியாது" என்று எவரேனும் சொன்னால் தலைகுனிய வேண்டாம். "புரியும்படி சொல்லுங்கள். உங்கள் சகாக்களிடம் சொன்னதையே சொல்லுங்கள்!" என்று கேட்போம். கேட்பது நம் உரிமை. சொல்வது அவர்கள் கடமை!