ஆண்டு சொல்லாத ரூபாய்

விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த வெள்ளி ரூபாய்களில் இன்றும் எளிதாகக் கிடைப்பது 1862 என்று ஆண்டு போட்டதுதான். ஒரே ஆண்டில் அவ்வளவு ரூபாய் அடித்தார்களா? இல்லை. 1865-இல் அடித்ததிலும் 1862 என்றே இருந்தது. 1870-இல் அடித்ததிலும் அப்படியே. 1874-இல்தான் காசில் ஆண்டு நகரத் தொடங்கியது.

காரணம் வட்டம் என்ற கழிவு. காசு மாற்றித் தரும் சராபுகள், அடித்து ஓரிரு ஆண்டு ஆன ரூபாய் என்றாலே தேய்ந்திருக்கும் என்று சொல்லி அதன் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். எடை குறைந்ததோ இல்லையோ, காசில் உள்ள ஆண்டே கழிவைத் தீர்மானித்தது. இதை முறியடிக்க, கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்து சிக்கா ரூபாய்களில் முகலாய பாதுஷா ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டையே தொடர்ந்து பொறித்தது. பிற்பாடு 1840 என்று ஆண்டு போட்ட ரூபாயும் இருபது ஆண்டுக்கு மேல் மாறாமல் வந்தது. 1862 ரூபாய் அந்த வழக்கத்தின் கடைசிக் கண்ணி.

ஊருக்குக் காட்டாத ஆண்டை மும்பை நாணயச்சாலை மட்டும் வேறு விதமாகக் குறித்து வைத்தது. 1862 என்ற எண்ணுக்குக் கீழே மிகச் சிறிய புள்ளிகள். சில காசுகளில் மேற்புறத்திலும் புள்ளிகள். அவற்றின் எண்ணிக்கையும் இடமும் சேர்ந்து, காசு உண்மையில் எந்த ஆண்டில் பிறந்தது என்பதைச் சொல்கின்றன. வாங்கியவர், விற்றவர், வட்டம் பிடித்தவர் யார் கண்ணையும் உறுத்தாத கணக்கு அது. அந்த ரூபாய்களைச் சேர்க்கிறவர்கள் புள்ளிகளை எண்ணித்தான் வரிசைப்படுத்துகிறார்கள்.

புள்ளியோடு முடியவில்லை. பூப்பக்கத்தில், ஓரத்து அலங்காரத்தின் உச்சியில் ஒரு பூ இருக்கிறது. சில காசுகளில் அது விரிந்திருக்கும், சிலவற்றில் மொட்டுப்போல் மூடியிருக்கும். தலைப்பக்கத்தில் ராணியின் உடை முன்புறத்துப் பூவேலைப் பட்டையை எண்ணினால் ஒன்றில் நான்கு கட்டம், இன்னொன்றில் மூன்றேமுக்கால். இந்தக் கால் கட்டத்தை முதலில் கண்டுபிடித்தவரின் பொறுமையை நான் மனதார வணங்குகிறேன்.

இந்த வேறுபாடுகள் எப்படி வருகின்றன? செதுக்குநர் செய்த மூலத்திலிருந்து எஃகு முத்திரை ஒன்று உருவாகும். அதை எஃகுக் கட்டைகளில் அழுத்தி எடுப்பவைதான் காசடிக்கும் அச்சுகள். அச்சு தேய்ந்தால் புதியது வரும். மூல முத்திரையையே புதிதாகச் செய்யும்போது பூவும் பட்டையும் இம்மியளவு மாறும். புள்ளி போன்ற சின்னக் குறிகளைத் தனி ஊசியால் அச்சில் நேரடியாகக் குத்தும்போது அவை நிற்கும் இடம் அச்சுக்கு அச்சு நகரும்.

அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக எழும். கண்ணில் பட்டது புள்ளியா, வெறும் காயமா என்று பிரித்தறிய இந்த ஒரு விதியே பெரிய துணை. பிற்பாடு யாரோ ஆணியால் குத்திய தழும்பு குழிந்திருக்கும். நாணயச்சாலை வைத்த புள்ளி மேடாக, உருண்டு இருக்கும். ஏமாற்றக்கூடியது துரு. அச்சில் துருப் பிடித்துக் குழி விழுந்தால் அதுவும் காசில் மேடாகவே வரும், ஆனால் ஒழுங்கற்ற கொப்புளமாக, பெரும்பாலும் கூட்டமாக. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும், பக்கவாட்டில் சாய்த்து விழும் ஒற்றை வெளிச்சமும் வேண்டும். நேர் வெளிச்சத்தில் நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். காசைத் தேய்த்து மட்டும் கழுவிவிடக் கூடாது. 11.66 கிராம் வெள்ளி ரூபாயில் அந்தப் புள்ளிதான் முதலில் அழியும்.

ஒரு சின்ன உருவம் காசையே திரும்பப் பெற வைத்ததும் உண்டு. 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னர் அங்கியில் இருந்த யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்தது. பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது, எதிர்ப்புக் கிளம்பியது. பெரும்பகுதியை உருக்கிவிட்டு, தும்பிக்கையைத் தெளிவாக்கி 1912-இல் மறுபடி அடித்தார்கள். தப்பிய 1911 ரூபாயை இன்றும் பன்றி ரூபாய் என்றே அழைக்கிறார்கள்.

இப்போது சட்டைப்பையில் இருக்கும் காசிலும் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரக்கட்டம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப்புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா.