வருகைக் கணக்கும் வணிகக் கணக்கும்

சிறு வணிகர் ஒருவர் தம் கடைக்கென இணையதளம் தொடங்கியதும் முதலில் தேடுவது வருகையாளர் எண்ணிக்கையைத்தான். பகுப்பாய்வுக் கருவிகளின் திரையில் பெரிய எழுத்தில் முன்னிற்பதும் அந்த எண்ணே. எனினும் அக்கருவிகள் எதை எண்ணுகின்றன, எதை எண்ண இயலாமல் விடுகின்றன என்பதை அறிந்தபின் நோக்கினால், அத்தனை எண்களிலும் கடைக்கு மிகக் குறைவாகப் பயன்படுவது அதுதான் என்பது விளங்கும்.

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் வருகைக் கணக்கு என்பது வழங்கிக் கணினி எழுதிவைக்கும் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் அதில் தனித்தனி வரி விழும் என்பதால், இருபது படங்கள் கொண்ட ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தாலே இருபத்தொரு ‘ஹிட்’ என்று கணக்காகும். பிற்பாடு, பக்கத்திலேயே ஒரு சிறு நிரலைப் பதித்து, பார்ப்பவரின் உலாவியிலிருந்தே தகவல் அனுப்பும் முறை பரவியது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலிருந்த அர்ச்சின் என்னும் நிறுவனத்தைக் கூகுள் 2005ஆம் ஆண்டு வாங்கி, அவ்வாண்டு நவம்பரில் அதன் கருவியைக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டதால், பெருநிறுவனங்கள் பணம் கொடுத்துப் பெற்றுவந்த வசதி சிறுகடைகளுக்கும் எட்டியது. இலவசமாகக் கிடைத்துவந்த பழைய பதிப்பு 2023 ஜூலையில் தரவு திரட்டுவதை நிறுத்திவிட்டதால், இன்று புழக்கத்தில் இருப்பது ஜிஏ4 எனப்படும் நான்காம் பதிப்பு.

இந்த நிரல் உலாவிக்குள் குக்கி என்னும் சிறு குறிப்பை இட்டு, அதில் தற்செயலான ஓர் அடையாள எண்ணை எழுதிவைக்கிறது. அதே எண் மீண்டும் தென்பட்டால் பழைய வருகையாளர் என்றும், தென்படாவிட்டால் புதியவர் என்றும் கொள்கிறது. ஆகவே அது எண்ணுவது அடிப்படையில் உலாவிகளையே. பகலில் கைப்பேசியிலும் இரவில் கணினியிலும் பார்த்த ஒருவர் இருவராகிவிடுகிறார். ஒரே கைப்பேசியைப் பகிரும் குடும்பத்தினர் நால்வர் ஒருவராகிவிடுகின்றனர். ஆப்பிளின் சஃபாரி உலாவி இத்தகைய குறிப்புகளை ஏழு நாளில் அழித்துவிடுவதால், பத்து நாள் யோசித்துவிட்டுத் திரும்பி வரும் ஐபோன் வாடிக்கையாளர் புதியவராகவே பதிவாகிறார். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் கணக்கிலேயே வராமல் போகலாம். கடைக்காரரும் அவர் வீட்டாரும் தளத்தை நாள்தோறும் திறந்து பார்ப்பதோ தவறாமல் கணக்கில் ஏறுகிறது. வருகை குறைவான தளத்தில் இதன் பங்கு சிறிதன்று.

வருகையாளருக்கு அடுத்த அலகு அமர்வு. ஒருவர் தளத்துக்குள் நுழைந்து, முப்பது நிமிடம் எந்தச் செயலும் இன்றி இருக்கும்வரை நிகழ்பவை அனைத்தும் ஓர் அமர்வு. பத்து வினாடிக்கு மேல் நீடித்த, அல்லது இரண்டு பக்கமேனும் பார்க்கப்பட்ட, அல்லது உரிமையாளர் முக்கியம் என்று குறித்த செயல் ஒன்று நிகழ்ந்த அமர்வை ஜிஏ4 ஈடுபாடுள்ள அமர்வு என்கிறது. எஞ்சியவற்றின் விகிதமே பவுன்ஸ் ரேட். பழைய பதிப்பிலோ, ஒரே பக்கத்தை ஐந்து நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டுச் சென்றவரும் பொதுவாக அந்த விகிதத்தில் சேர்க்கப்பட்டார். ஒரே பெயர் வெவ்வேறு அளவைகளைக் குறிப்பதால், பழைய நூல்களில் காணும் ‘இவ்வளவு இருந்தால் நன்று’ என்ற அளவுகோலை இன்றைய எண்ணோடு ஒப்பிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

வணிகருக்கு உண்மையில் உதவும் வினா, வந்தவர் எங்கிருந்து வந்தார் என்பதும் வந்து என்ன செய்தார் என்பதுமாகும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை நெசவாளர்களிடம் வாங்கி விற்கும் ஒரு கடையை எண்ணிப் பார்க்கலாம். அதன் அறிக்கையில் வருகையின் பெரும்பங்கு ‘டைரக்ட்’, அதாவது நேரடி வருகை என்று காட்டப்பட்டால், கடையின் பெயரை நினைவில் வைத்து முகவரியைத் தட்டச்சு செய்தவர்கள் அத்தனை பேர் என்று மகிழ்வதற்கில்லை. எங்கிருந்து வந்தார் என்ற தகவல் இல்லாத வருகை முழுவதும் அந்தத் தலைப்பில்தான் சேர்கிறது. வாட்ஸ்அப்பில் பகிரப்பட்ட இணைப்பைத் தொட்டு வருவோரின் நிலையும் பெரும்பாலும் அதுவே. உறவினர் குழுவிலும் பள்ளித் தோழியர் குழுவிலும் படம் பகிர்ந்தே சேலை விற்கும் சூழலில், இது சிறு குறைபாடு அன்று. கடையின் மிக வலிமையான விற்பனை வழியே அறிக்கையில் மறைந்துபோகிறது. இணைப்பின் இறுதியில் யூடிஎம் எனப்படும் குறிச்சொற்களைச் சேர்த்து, வாட்ஸ்அப்புக்கு ஒன்று, இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று, துண்டறிக்கையில் அச்சிடும் கியூஆர் குறியீட்டுக்கு ஒன்று எனத் தனித்தனி இணைப்புகளைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு வழியும் தன் பெயரோடு பதிவாகும். செலவேதும் இல்லாத இந்த ஒரு பழக்கம், விலைகொடுத்து வாங்கும் பல அறிக்கைகளைவிடப் பயன் மிக்கது.

வந்தவர் செய்ததை அறிவதிலும் இத்தகைய மறைவு உண்டு. தளத்தில் சேலையைப் பார்த்துவிட்டு, நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டபின் வாங்குவோம் என்று தொலைபேசியில் அழைக்கும் வாடிக்கையாளர், எதையும் வாங்காமல் சென்றவராகவே கருவிக்குத் தெரிவார். அழைப்புப் பொத்தானையும் வாட்ஸ்அப் பொத்தானையும் தொடுவதை ஜிஏ4இல் முக்கிய நிகழ்வுகளாகக் குறித்துவைத்தால், விற்பனைக்கு முந்தைய அந்தப் படியாவது கணக்குக்குள் வரும். அதன்பின் விற்பனை முடிந்ததா என்பதைக் கடையின் ஆர்டர் நோட்டே சொல்ல முடியும்.

சிறுகடையின் எண்கள் சிறியவை என்பது, தொடக்கநிலையினருக்கு எழுதப்படும் கையேடுகளில் போதிய அளவு வலியுறுத்தப்படாத உண்மை. வாரத்துக்கு நாற்பது அமர்வும் ஓர் ஆர்டருமாக இருந்த தளத்தில் மறுவாரம் இரண்டு ஆர்டர் வந்தால், வாங்குவோர் விகிதம் 2.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இரட்டித்துவிட்டதாக அறிக்கை காட்டும். நடந்ததோ ஒருவர் கூடுதலாக வாங்கியது மட்டுமே. ஒன்றையொன்று சாராமல் வந்துசேரும் நிகழ்வுகளின் எண்ணிக்கை, தனிக் காரணம் ஏதுமின்றியே ஏறத்தாழத் தன் வர்க்கமூல அளவுக்கு ஏறி இறங்கும் என்பது புள்ளியியலின் அடிப்படைப் பாடம். சராசரியாக மாதம் ஒன்பது ஆர்டர் பெறும் கடைக்கு ஆறோ பன்னிரண்டோ வருவது இயல்பான அசைவு. நூறு ஆர்டர் பெறும் கடையிலோ அந்த அசைவு பத்து அளவே. எனவே சிறுகடை தன் எண்களை வாரக்கணக்கில் படிக்காமல் மாதக்கணக்கிலோ காலாண்டுக் கணக்கிலோ படிப்பதே தகும். ஒரு வாரச் சரிவைக் கண்டு பக்கத்தின் வடிவமைப்பையே மாற்றுவது, நன்றாக இயங்குவதைக் கெடுத்துவிடக் கூடும்.

ஆண்டோடு ஆண்டை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். தீபாவளி 2023இல் நவம்பர் 12ஆம் நாளும், 2024இல் அக்டோபர் 31ஆம் நாளும், 2025இல் அக்டோபர் 20ஆம் நாளும் வந்தது. கருவி தானாகச் செய்து காட்டும் நவம்பர் மாத ஒப்பீடு, பண்டிகை வணிகத்தையும் பண்டிகைக்குப் பிந்தைய மந்தத்தையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறது. பண்டிகைக்கு முந்தைய நான்கு வாரங்களைத் தேதி குறித்து எடுத்து ஒப்பிடுவதே முறை. நுணுக்கமான ஆய்வறிக்கைகளுக்கான தரவை ஜிஏ4 இயல்பாக இரண்டு மாதமே வைத்திருக்கும் என்பதால், அதன் அமைப்புகளில் அதைப் பதினான்கு மாதமாக மாற்றிவைப்பது தொடக்க நாளிலேயே செய்ய வேண்டிய வேலை.

தளத்துக்குள் வராதவர்களைப் பற்றியும் அறிய ஒரு வழி உண்டு. கூகுளின் மற்றோர் இலவசக் கருவியான சர்ச் கன்சோல், எந்தச் சொற்களைத் தேடியபோது கடையின் பக்கம் தேடல் முடிவுகளில் தோன்றியது, எத்தனை முறை தோன்றி எத்தனை முறை தொடப்பட்டது என்பதைப் பதினாறு மாதங்கள் வரை காட்டுகிறது. ‘கண்டாங்கி சேலை விலை’ என்ற தேடலில் பலமுறை தோன்றியும் யாரும் தொடவில்லை என்றால், அந்தப் பக்கத்தின் தலைப்பிலும் குறிப்பிலும் விலை இடம்பெற்றிருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. பருத்தியா பட்டா, துவைத்தால் சாயம் போகுமா, வெளியூருக்கு அனுப்புவார்களா என்று வாடிக்கையாளர் தம் சொந்தச் சொற்களில் கேட்டவை அந்தப் பட்டியலில் வரிசையாகக் கிடைக்கின்றன. அவற்றில் தளம் இன்னும் விடை சொல்லாதவற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதுவது கடைக்காரரே செய்துவிடக்கூடிய வேலை.