மலைத் தோட்டத்துக் கணக்கும் மாநாட்டு மண்டபமும்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ரிங்லெட்டையும் ஹாபுவையும் கடந்து தானா ராத்தாவை அடைகிறவர்கள், சரிவெங்கும் படர்ந்த தேயிலையின் பசுமையில் மனத்தைப் பறிகொடுத்துவிட்டு, அந்தப் பசுமைக்குள் தலைமுறை தலைமுறையாக ஓடிவந்த ஒரு கணக்கை நினைத்துப் பார்ப்பதில்லை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நெடுநாள்வரை, விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வந்தவரையும் வராதவரையும் குறித்து, பறித்த கொழுந்தை நிறுத்து, அவரவர் பேருக்கு நேரே எடையைப் பதிந்துவந்த செக்ரோல் புத்தகந்தான் லயத்துக் குடும்பங்களின் ஜீவனத்தை நிர்ணயித்தது. கணக்கெழுதும் கிராணியின் பேனா ஒரு வரியைத் தவறவிட்டால், ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு உலகத்திலிருந்தே மறைந்துபோனதற்குச் சமம். பதிவேடு என்பது காகிதமாக இருந்தாலும் அதன் சாரம் நம்பிக்கையே என்பதைத் தோட்டத்து மக்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

அந்தப் புத்தகந்தான் இன்று உருமாறித் தரவுத்தளம் என்ற பெயரோடு கணினிக்குள் குடியேறியிருக்கிறது. வங்கியிலுள்ள நம் சேமிப்பும், மருத்துவமனையிலுள்ள நம் நோய்க் குறிப்பும், பள்ளிக்கூடத்திலுள்ள நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணும், அடையாள அட்டைக்குப் பின்னாலிருக்கும் நம் பிறப்பு விவரமும் தரவுத்தளங்களில் உறைகின்றன. அவற்றைக் காத்து, தேடியது தேடிய கணத்தில் கிடைக்கச் செய்கிறவரே தரவுத்தள நிபுணர். தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இந்தத் தொழிலில் அமர்ந்திருக்கிறார்கள். பாட்டன் செக்ரோலில் ஒரு பேராக இருந்தார். பேரன் அந்தச் செக்ரோலையே காக்கிறான்.

இப்பேர்ப்பட்ட ஒருவர், விடுப்பெடுத்து, பஸ் கட்டணமும் விடுதி வாடகையும் நுழைவுக் கட்டணமும் கொடுத்து, இரண்டு மூன்று நாள் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து அயலார் பிரசங்கங்களைக் கேட்டுவருவதால் என்ன பிரயோஜனம் என்று வீட்டாரும் முதலாளிமாரும் கேட்பது இயல்பே. புத்தகங்கள் இருக்கின்றன, வீட்டிலிருந்தபடியே காணக்கூடிய பாடங்களும் இருக்கின்றன அல்லவா என்கிறார்கள். அவர்களுடைய கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பலமான விடையும் உண்டு.

முதலாவதாக, இது ஏகாந்தத் தொழில். தரவுத்தளம் செவ்வனே நடக்கும்வரை அதைக் காக்கிறவரை எவரும் நினைப்பதில்லை; அது நின்றுபோன நள்ளிரவில்தான் அவர் பெயர் எல்லார் வாயிலும் அடிபடும். ஒரு சாதனம் எப்படி வேலை செய்யும் என்பதைப் புத்தகம் விளக்கமாகச் சொல்லும். எப்படியெல்லாம் பழுதாகும் என்பதை, பழுதைப் பட்டு அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். அந்த அனுபவஸ்தர்களை நேரில் கண்டு, தேநீர் இடைவேளையில் அருகே நின்று, சங்கோசமின்றிக் கேட்டறியும் இடம் மாநாட்டைத் தவிர வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகம் ஒன்றின் 2.28-ஆம் பதிப்பு 2018 ஆகஸ்டில் வெளிவந்தபோது, எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் அதில் மாற்றியமைக்கப்பட்டன. போஸ்ட்கிரெஸ் என்னும் பிரசித்தமான தரவுத்தளம் அந்த நூலகத்தின் வரிசையை நம்பித் தன் அட்டவணைச் சுட்டியை அடுக்கிவைத்திருந்தபடியால், பழைய விதிப்படி அடுக்கிய சுட்டியைப் புதிய விதிப்படி தேடும் விபரீதம் நேர்ந்தது. உள்ளே இருக்கிற பெயர் இல்லை என்று விடை வரவும், ஒரே பெயர் இருமுறை ஏறவும் இடமுண்டாயிற்று. இயந்திரம் எந்தப் பிழைச் செய்தியும் சொல்லாத இத்தகைய ஆபத்தை, பட்டவர் வாயிலாக முன்கூட்டியே கேட்டறிந்த ஒருவர், சுட்டிகளைப் புதிதாக அடுக்கிவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்பார்.

வரிசை என்பது தமிழருக்கு இன்னும் நெருக்கமான விஷயம். ஆரம்பப் பள்ளியில் மெய்யெழுத்துகளின் கடைசியில் ‘ன’ வரும் என்று கற்கிறோம். ஆனால் யூனிகோடு அட்டவணையில் அது ‘ந’வுக்கு அடுத்தபடியாக, ‘ப’வுக்கு முன்பே அமர்ந்திருக்கிறது. ஆகவே குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கணினி, கமலாவுக்கு முன்னால் கனகாவை நிறுத்தும். அகராதியைப் புரட்டிப் பழகியவரோ கமலாவைத்தான் முதலில் தேடுவார். மொழிக்குரிய வரிசையைத் தேர்ந்துகொள்ளும் வசதியைப் போஸ்ட்கிரெஸ் 2017-இல் வெளியான தன் 10-ஆம் பதிப்பில் விரிவாக ஏற்றுக்கொண்டது. இவ்வசதி இருப்பதையே அறியாமல், தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களைக் கையால் திருத்திக்கொண்டிருப்பவருக்கு, அறிந்த ஒருவருடன் பேசும் பத்து நிமிஷம் பல மாத உழைப்பை மிச்சப்படுத்தும்.

இரண்டாவதாக, தொழிலின் திசையை நிர்ணயிக்கும் விவாதங்கள் மாநாடுகளில் நடைபெற்றிருக்கின்றன. 1970-இல் எட்கர் காட் என்பவர், விவரங்களை எளிய அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம் என்னும் தத்துவத்தை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். பதிவுகளை ஒன்றோடொன்று சங்கிலிபோல் பிணைத்துவைக்கும் முறையின் பிதாமகரான சார்ல்ஸ் பாக்மனோ, 1973-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்ற மேதை. 1974 மே மாதம் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கூடிய ஒரு சிறு கூட்டத்தில், இவ்விரு தரப்பும் ஒரே சபையில் எதிரெதிரே நின்று வாதித்தன. அதே கூட்டத்தில்தான், இன்று எஸ்கியூஎல் என்று உலகமெங்கும் வழங்கும் வினவல் மொழியின் முதல் வடிவத்தைச் சேம்பர்லினும் பாய்ஸும் சமர்ப்பித்தனர். தனித்தனியே படித்திருந்தால் கணித சாஸ்திரமாகவோ கைத்தொழில் நுணுக்கமாகவோ மட்டும் தோன்றியிருக்கக்கூடியவற்றை, அங்கிருந்தவர்கள் ஒருசேர எடைபோட்டுப் பார்க்கும் பாக்கியம் பெற்றார்கள்.

இத்துறையில் தமிழருக்கும் உயர்ந்த ஸ்தானம் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியல் பயின்று, பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளரான சி. மோகன், சகாக்களுடன் சேர்ந்து 1992-இல் வெளியிட்ட ஏரிஸ் என்னும் மீட்பு முறை, தரவுத்தள உலகின் அஸ்திவாரங்களில் ஒன்று. அதன் கருத்தைத் தோட்டத்துப் பாஷையிலேயே சொல்லிவிடலாம். கொழுந்தை நிறுக்கிறவர் எடையை முதலில் தம் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அப்புறமே செக்ரோலில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றும்போது விளக்கு அணைந்து எல்லாம் குழம்பினாலும், குறிப்பேட்டைப் பார்த்து, முடிந்த பதிவுகளை மறுபடி எழுதலாம், அரைகுறையாய் நின்றவற்றை அடித்துவிடலாம். இம்மாதிரி ஆராய்ச்சிகள் அரங்கேறும் மிகப்பெரும் தரவுத்தளங்கள் பற்றிய சர்வதேச மாநாடு 1975-இல் தொடங்கி, 1996-இல் மும்பையிலும், 2010-இல் நமக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவிலுள்ள சிங்கப்பூரிலும் கூடியது.

மூன்றாவதாக, பலர் கூடி இணங்கினாலன்றி நிலைபெறாத காரியங்கள் சில உண்டு. 1966 ஏப்ரலில் தனிநாயக அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய பெருமை கோலாலம்பூருக்கு உரியது. கணினி யுகத்திலும் அப்படிக் கூடிப் பேசவேண்டிய அவசியம் நேர்ந்தது. ஒவ்வொரு மென்பொருளாரும் தத்தமக்கென்று ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்ததால், ஒருவர் தட்டச்சிட்ட தமிழ் இன்னொருவர் திரையில் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றிற்று. அத்தகைய எழுத்தைத் தரவுத்தளத்தில் சேர்த்துவைப்பது, பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைப்பதற்கு ஒப்பாகும். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய கூட்டமும், 1999-இல் சென்னையில் நடந்த மாநாடும், தமிழ்க் கணினித் துறைக்கான உத்தமம் அமைப்பு தோன்றிய 2000-ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மாநாடும், 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடும் அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக நடந்த தொடர்ந்த உரையாடல்கள். முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் போன்றோர் அவற்றில் உழைத்ததன் பலனை, கைப்பேசியில் தமிழ் எழுதும் ஒவ்வொருவரும் இன்று அனுபவிக்கிறோம்.

ஆயினும் போய்வருவது மட்டும் பலனளித்துவிடாது. தம் வேலையில் தம்மை வாட்டும் ஒரு சிக்கலைத் தெளிவாக எழுதிக் கையோடு கொண்டுபோக வேண்டும். எல்லா உரைகளுக்கும் ஓடாமல் தமக்கு வேண்டியவற்றைத் தேர்ந்து கேட்க வேண்டும். அறிமுகமில்லாதவர் பக்கத்தில் அமர்ந்து முதல் வார்த்தையைத் தாமே பேச வேண்டும். திரும்பிய வாரத்திலேயே, கற்றவற்றில் ஒன்றையாவது செய்துபார்த்து, உடன் வேலை செய்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இவ்வளவும் செய்தால் ஒருவர் சென்றதன் பயன் பத்துப் பேருக்குச் சேரும்.

முதலாளிமாருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் நிறுவனத்தின் கணக்கைக் காப்பவரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு நல்ல மாநாட்டுக்கு அனுப்புங்கள். அதற்காகும் செலவு, ஒரு நாள் தரவுத்தளம் நின்றுபோனால் உண்டாகும் நஷ்டத்துக்கு முன் அற்பமானது. மலைநாட்டிலிருந்து புறப்பட்டுப்போன இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பாட்டனார் பெரட்டில் நின்று, தம் பேர் சரியாகப் பதியப்பட்டதா என்று காதைத் தீட்டிக் கேட்டார். இன்று அப்படிக் காத்திருக்கும் லட்சக்கணக்கானவர்களின் பேர் உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தனியே காத்துக்கொண்டிராதீர்கள். இந்தத் தொழிலின் சபைகளுக்குச் சென்று, கேட்டு, சொல்லி, கற்றுத் திரும்புங்கள்.