உள்ளத்தின் பிணியும் மருந்தும்: அபூஸைத் அல்பல்கீ காட்டும் வழி

இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் உள்ள பல்கு நகரம், ஒரு காலத்தில் குராசானின் அறிவு மையங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. அதனை அடுத்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 235-ஆம் ஆண்டளவில் (கி.பி. 850) பிறந்தவர் அபூஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ. பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனான அவர், இளமையிலேயே இராக் சென்று தத்துவ அறிஞர் அல்கிந்தீயிடம் பயின்றார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, மார்க்கம், தத்துவம், மருத்துவம், நிலவியல் எனப் பல துறைகளில் நூல்கள் இயற்றினார். ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்தார். நிலவியல் வரலாற்றாசிரியர்கள் அவரை நிலப்படக் கலையின் ஒரு மரபுக்கே முன்னோடி என்பர். ஆனால் அண்மைக் காலத்தில் உளவியலாளர்கள் அவரை நினைவுகூர்வது வேறொரு நூலுக்காக.

‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்பது அந்நூலின் பெயர். ‘உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை’ என்று இதனைத் தமிழில் கூறலாம். நூலின் முதற்பகுதி உடல்நலம் பற்றியது. இரண்டாம் பகுதி எட்டு அத்தியாயங்களில் உள்ளத்தின் நலத்தை ஆராய்கிறது. பல நூற்றாண்டுகள் இஸ்தான்பூலில் கையெழுத்துப் பிரதியாகவே உறங்கிய இந்நூலை, 1984-இல் பேராசிரியர் ஃபுஆத் ஸெஸ்கின் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நிழற்படிப் பதிப்பாக வெளியிட்டார். உள்ளம் பற்றிய பகுதியை சூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 2013-இல் வெளிவந்தது.

நூலின் அடிப்படை

மனிதன் உடலும் உள்ளமும் இணைந்தவன் என்பதே அல்பல்கீயின் தொடக்கம். உடல் நோயுற்றால் உள்ளம் தெளிவை இழக்கிறது. உள்ளம் நோயுற்றால் உடல் எந்த இன்பத்தையும் துய்க்க இயலாமற் போகிறது. இவ்வாறிருக்க, மருத்துவர்கள் உடலை மட்டும் பேணி உள்ளத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது அவருடைய ஆதங்கம். உடலைத் தாக்கும் பல நோய்கள் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் வராமலே இருக்கலாம். ஆனால் கோபம், அச்சம், துயரம் முதலானவை அன்றாடம் வந்து போகின்றன. ஆகவே உள்ளத்தைப் பேணும் தேவை எல்லா மனிதருக்கும் உரியது என்கிறார் அவர். உள்ளப் பிணியை ஏதோ சிலருக்கு நேர்ந்த இழிவாகக் காணாமல் மனித இயல்பின் ஒரு கூறாகக் கண்டதே அவருடைய முதல் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, அவர் செய்த வகைப்பாடு. உள்ளத்தின் நோய்களைக் கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி அத்தியாயம் வகுத்தார். துயரத்தையும் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, காரணம் தெரிந்த துயரம். அன்புக்குரியவரின் மரணம், பொருள் இழப்பு போன்றவற்றால் வருவது. மற்றொன்று, காரணம் இன்னதென்று நோயாளிக்கே தெரியாத துயரம். முன்னதற்குச் சிந்தனையும் ஆறுதல் மொழியும் மருந்தாகும். பின்னதன் வேர் உடலில் இருப்பதால், உடலுக்கான மருத்துவமும் தேவை என்றார். அறிவுரை கூறினால் எல்லாத் துயரமும் தீரும் என்று அவர் கருதவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சை முறைகளிலும் அவர் நுட்பமானவர். உடல்நலத்துடன் இருக்கும்போதே மருந்துகளைச் சேமித்து வைப்பதுபோல, உள்ளம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே நல்ல சிந்தனைகளைச் சேமித்து வைத்து, கொந்தளிப்பு நேரும்போது அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்றார். அஞ்சும் பொருளைவிட்டு ஓடாமல், சிறிது சிறிதாக அதற்கு உள்ளத்தைப் பழக்க வேண்டும் என்றார். வஸ்வாஸினால் துன்புறுவோர் தனிமையையும் சோம்பலையும் தவிர்த்து, நம்பிக்கைக்குரியோருடன் பேசிப் பழக வேண்டும் என்றார்.

இன்றைய உளவியலின் பார்வையில்

1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், தவறான எண்ணங்களை அடையாளங்கண்டு திருத்துவதன் மூலம் மனச்சோர்வைப் போக்கும் முறையை வகுத்தார். அச்ச நோய்க்குப் படிப்படியாக அச்சத்தை எதிர்கொள்ளச் செய்யும் முறையும் இன்று நன்கு நிலைபெற்றுள்ளது. இவற்றின் சாயலை அல்பல்கீயிடம் காண்பதாக மாலிக் பத்ரீ எழுதினார். 2015-இல் ரானியா அவாத், ஸாரா அலீ ஆகிய இரு ஆய்வாளர்கள், வஸ்வாஸ் பற்றி அல்பல்கீ எழுதியதை, இன்று ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் மருத்துவ வரையறையுடன் ஒப்பிட்டு, இரண்டும் பெரிதும் பொருந்துவதை எடுத்துக்காட்டினர்.

இதனைப் படித்ததும், ‘எல்லாம் நம் முன்னோர் சொன்னதே’ என்று மார்தட்டத் தோன்றும். அது பொறுப்பான அறிவு ஆகாது. இரத்தம், பித்தம் முதலிய நால்வகைத் திரவங்களைக் கொண்டு நோயை விளக்கிய அக்கால மருத்துவத்தையே அல்பல்கீயும் சார்ந்திருந்தார். அது இன்று கைவிடப்பட்ட கொள்கை. அவர் கூறிய முறைகளும் இன்றுள்ளவாறு சோதனைகளால் அளந்து பார்க்கப்பட்டவை அல்ல. உள்ளத்தின் நோயும் நோயே, அதற்கும் மருந்து உண்டு, நோயாளி பழிக்கப்பட வேண்டியவன் அல்லன் என்னும் தெளிவே அவரிடமிருந்து நாம் பெற வேண்டிய செல்வம். அத்தெளிவு நம்மிடம் இருக்கிறதா?

என் வகுப்பறையில் நிகழ்ந்தது

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவர் ஓதினார். கூர்த்த அறிவினர். தொழுகைக்கு உளூச் செய்யச் சென்றால் அரைமணி நேரமாகியும் ஹவுளை விட்டு எழமாட்டார். கைகள் வெளிறி, தோல் வெடித்திருந்தது. தொழுகையில் தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுவார். ‘உறுதி, ஐயத்தால் நீங்காது’ என்னும் ஃபிக்ஹ் விதியை அவருக்கு விளக்கினேன். பிறகு கண்டித்தேன். திக்ரை அதிகமாக்கச் சொன்னேன். ‘சட்டம் தெரிகிறது உஸ்தாத், மனம்தான் கேட்கவில்லை’ என்றார் ஒருநாள். அந்த மொழியில் ஒரு நோயாளியின் முறையீடு இருந்ததை நான் உணரவில்லை. அவ்வாண்டே அவர் படிப்பை விட்டுச் சென்றார். அல்பல்கீயின் வஸ்வாஸ் அத்தியாயத்தைப் பின்னாளில் படித்தபோது, அம்மாணவரின் கைகளே என் கண்முன் நின்றன. ஃபிக்ஹ் விதி சரியானதுதான். ஆனால் அவருக்கு அதனுடன் ஒரு மருத்துவரும் தேவைப்பட்டார்.

உள்ளம் வருந்துவது ஈமானின் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மகனைப் பிரிந்த துயரால் கண்கள் வெளுத்துப்போன யஃகூப் (அலை) அவர்களைத் திருக்குர்ஆன் நமக்குக் காட்டுகிறது. அவர்கள் நபியாகவும் பொறுமையாளராகவும் இருந்தே அத்துயரை அனுபவித்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ‘ஹம்ம்’, ‘ஹஸன்’ ஆகிய இரண்டிலிருந்தும் பாதுகாவல் தேடினார்கள். முன்னது வரவிருப்பதைப் பற்றிய கவலை, பின்னது கடந்ததைப் பற்றிய துயரம் என்று விளக்கவுரையாளர்கள் பிரித்துரைப்பர். நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவியவர்களும் அவர்களே. சித்தம் பிறழ்ந்தவர் மீது மார்க்கக் கடமை இல்லை என்று வகுத்த ஷரீஅத், அந்நிலையைப் பாவமாகக் கருதவில்லை. ஹலப் நகரில் 1354-இல் எழுந்த அர்கூன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென நீரூற்றுடன் கூடிய தனிப்பகுதியே அமைக்கப்பட்டிருந்தது.

இத்தகைய மரபினைக் கொண்ட சமுதாயம், 2001 ஆகஸ்ட் 6-ஐ மறக்கலாகாது. அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட வழியின்றிச் சிக்கினர். 28 பேர் மாண்டனர். அவர்கள் எல்லாச் சமயத்தினரும் ஆவர். நிவாரணம் தேடி உறவினர்களால் அங்குக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்கிறது. ஆனால் சட்டம் இரும்புச் சங்கிலியைத்தான் அறுக்கும். வெட்கம் என்னும் சங்கிலியை நாம்தான் அறுக்க வேண்டும். 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு உள்ளது. நோயின் வகைக்கேற்ப, அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறுவதில்லை. நம் மஹல்லாக்கள் இதற்கு விலக்காக இருக்க முடியாது.

செய்ய வேண்டியவை

துஆவையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்துவது நம் மரபு அன்று. குஜராத்தின் உனாவா ஊரில் உள்ள மீரா தாதார் தர்காவில், ‘தவா, துஆ’ என்னும் பெயரில் வழிபாட்டுத் தலத்திலேயே மனநல மருத்துவமும் கிடைக்கச் செய்தனர். அவ்வழி பின்னர் ஏர்வாடியிலும் பின்பற்றப்பட்டது. ஓதிப் பார்க்க வருவோரிடம், ‘மருத்துவரையும் பாருங்கள்’ என்று ஓர் ஆலிம் சொல்லும் ஒரு சொல், நூறு விளம்பரங்களைவிட வலிமையானது. ஜும்ஆ உரையில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதனைப் பேசலாம். அரபிக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு மனநோயின் அறிகுறிகளைக் கற்பிக்கலாம்.

மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில் எழுதினார்கள். அனைவரும் ஃபிக்ஹ் கலையை நோக்கியே திரள, மருத்துவக் கலையோ ஆளின்றிக் கிடப்பதைக் கண்டு அவ்விடத்திலேயே வருந்தினார்கள். உடல் மருத்துவத்தில் அக்குறை இன்று ஓரளவு நீங்கியுள்ளது. உள்ளத்தின் மருத்துவத்தில் நீங்கவில்லை. நம் பிள்ளைகளுள் சிலரையேனும் அத்துறைக்கு அனுப்பும் வரை, அக்கடமை நம் அனைவர் மீதும் நிலுவையில் நிற்கிறது. அல்பல்கீயின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வோர் முதலில் இந்த நிலுவையைத் தீர்க்கட்டும்.