எழுத்துக்கும் ஒரு குணம் உண்டு

கடைக்குப் பெயர் வைக்க நாள் பார்க்கிறோம், ராசி பார்க்கிறோம், பெரியவர்களைக் கேட்கிறோம். அந்தப் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்பதை மட்டும் அச்சகத்தாரிடம் விட்டுவிடுகிறோம். "நல்லா பேன்சியா போட்டுடுங்க" என்பதோடு நம் கவனிப்பு முடிந்துவிடுகிறது. சொந்தப் பெயரில் மாவு, மசாலா, பருப்பு என்று பாக்கெட் போடும் வணிகர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. பெயரைப் படிக்க முடியாவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்துப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இப்போது காப்பித்தூள், நெய், செக்கு எண்ணெய் பாக்கெட்டுகளில் பழைய காலத்துப் பாணி ஆங்கில எழுத்து நிறையக் காணப்படுகிறது. அவற்றில் 'கிளாரெண்டன்' என்ற எழுத்தை வணிகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

பிறந்த கதை

லண்டன் ஃபேன் தெருவில் அச்சு எழுத்து வார்க்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே ராபர்ட் பெஸ்லி என்பவர் 1845-இல் இந்த எழுத்தை வெளியிட்டார். செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். சுவரொட்டிக்கான கொழுத்த எழுத்துக்கள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் சாதாரண எழுத்துக்கு நடுவே வைத்தால் அவை ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்து எழுத்தோடு ஒரே வரியில் அடங்கி நின்று, அதே சமயம் கண்ணில் படவும் வேண்டும். அந்தத் தேவைக்கு வந்ததுதான் கிளாரெண்டன். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலும் தலைச்சொற்களுக்கு இந்த வகை எழுத்தையே வைத்தார்கள்.

பெஸ்லி இதைச் சட்டப்படி பதிவும் செய்தார். 1842-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் தந்த பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். கெடு முடிந்ததும் மற்ற நிறுவனங்கள் அதே சாயலில் தங்கள் எழுத்தை வார்த்து விற்கத் தொடங்கின. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் பலர். ஆனாலும் பெஸ்லி தாழ்ந்துவிடவில்லை. 1869-இல் லண்டன் மாநகரின் லார்டு மேயர் ஆனார்.

அமெரிக்காவில் பெரிய சுவரொட்டிகளுக்கு மர எழுத்துக்களைப் பயன்படுத்தினார்கள். ஈய எழுத்தைவிட மரம் மலிவு, எடையும் குறைவு. கிளாரெண்டனும் மரத்தில் ஏறி, ஏலம், சர்க்கஸ், தள்ளுபடி விற்பனை என்று ஊர் ஊராகப் போயிற்று. கௌபாய் படங்களில் 'தேடப்படும் குற்றவாளி' நோட்டீசில் கால்கள் தடித்து நிற்கும் எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே. 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் ஐடன்பென்ஸ் இதைப் புதுப்பித்து வரைந்தார். சோனி நிறுவனத்தின் பெயர் எழுத்திலும் இதன் சாயல் உண்டு.

அதன் குணம்

எழுத்தின் முனைகளில் கால் போல நீண்டிருக்கும் பட்டையைச் 'செரிஃப்' என்பார்கள். கிளாரெண்டனில் அது தடித்து, உடம்போடு வளைந்து சேர்ந்திருக்கும். சில எழுத்துக்களின் நுனியில் மிளகு போல ஓர் உருண்டை இருக்கும். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் அதிகமில்லை.

இந்தக் கடைசிக் குணம்தான் நமக்கு முக்கியம். நாற்பது ஆண்டுகளாக மூட்டைகளோடு பழகுகிறோம். சாக்கிலும் பிளாஸ்டிக் நெய்த பையிலும் மயிரிழைக் கோடு நிற்காது. அச்சிலேயே பாதி விட்டுப்போகும், மீதி லாரியில் உரசித் தேய்ந்துவிடும். குடோனின் மங்கிய வெளிச்சத்தில் லோடுமேன் மூட்டையை அடையாளம் காண்பது எழுத்தின் மொத்த உருவத்தை வைத்துத்தான். தடித்த கால் உள்ள எழுத்து அங்கே தாங்கும். கடைக்கு வந்தபின், 'பழைய, நம்பகமான சரக்கு' என்ற எண்ணத்தையும் தரும்.

எங்கே கூடாது?

பெயருக்கும் ஒருவரித் தலைப்புக்கும் இது போதும். சேர்மானப் பொருட்கள், தயாரிப்பாளர் முகவரி போன்ற சிறு விவரங்களுக்கு அலங்காரமில்லாத எழுத்தே சரி. எடை, விலை எண்களில் அலங்காரமே வேண்டாம். பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011-இன்படி எழுத்துக்கும் எண்ணுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. அகலம், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. '1' போன்ற ஒல்லி உருவங்களுக்கு மட்டும் விலக்கு. இடம் போதவில்லை என்று எண்ணை நெருக்கிப் பிழிந்து அச்சடித்தால் ஆய்வின்போது பதில் சொல்ல வேண்டியவர் அச்சகத்தார் அல்ல, நாம்தான்.

ஆங்கில எழுத்துக்குப் பொருந்துகிறது என்று தமிழ் எழுத்துக்கும் கால் முளைக்க வைக்கிறார்கள். வேண்டாம். தமிழின் அழகு வளைவில் இருக்கிறது. தடிப்பு கூடினால் சுழி அடைபடும். புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிவிடும். புள்ளி போனால் பருப்பும் பருப்பாக இராது.

அச்சுக்குக் கொடுக்குமுன் மாதிரியைப் பத்தடி தள்ளி வைத்துப் பாருங்கள். வயதான வாடிக்கையாளர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் எழுத்தை மாற்றுங்கள்.

இன்னொன்று. கிளாரெண்டன் போன்ற எழுத்து யார் வேண்டுமானாலும் போடக்கூடியது. நாம் காக்க வேண்டியது நம் பெயரை. வர்த்தக முத்திரைச் சட்டம் 1999-இன்படி பெயரைப் பதிவு செய்தால் பத்தாண்டு உரிமை. பத்தாண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். எழுத்து அலங்காரத்தோடு மட்டும் பதியாமல் வெறும் சொல்லாகவும் பதிந்து வைத்தால், வேறு எழுத்தில் நம் பெயரைப் போடுபவரையும் கேட்க முடியும். பெஸ்லிக்குக் கிடைத்தது மூன்றே ஆண்டுகள். நமக்குச் சட்டம் தாராளமாகவே இடம் தருகிறது. பயன்படுத்திக்கொள்வோம்.